இடிப்பதற்கு எண்பது போதும்

எங்கள் புளோக்கில் லிஃப்டுக்குப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் வழக்கமாகக் கொசு மருந்து அடிக்கும் தேதியும் தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதியும்தான் இருக்கும். சென்ற ஆண்டு அதில் என்பிளாக் (வளாகத்தின் எல்லா வீடுகளையும் ஒன்றாக விற்பது, வாங்கியவர் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவார்) குழு அமைப்பதற்கான கூட்ட அறிவிப்பு ஒட்டியிருந்தது. சிங்கப்பூரில் பழைய கொண்டோவில், அதாவது தனியார் அடுக்குமாடி வளாகத்தில், குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளில் கட்டிய, 99 ஆண்டுக் குத்தகை மெல்லக் கரைந்துகொண்டிருக்கும் எந்த வளாகத்துக்கும் அந்தக் காகிதம் ஒரு நாள் வந்தே தீரும். எதிர்வீட்டில் இருக்கும் அண்ணன், கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு அதை முழுதாகப் படித்தார். "வந்துருச்சு தம்பி" என்றார். மருத்துவமனையிலிருந்து ரிசல்ட் வந்தது போன்ற தொனி. நல்ல ரிசல்ட்டா கெட்ட ரிசல்ட்டா என்று மட்டும் தெரியவில்லை.

கூட்டத்துக்குப் போனேன். நீச்சல் குளத்தை ஒட்டிய பொது அறை, மடக்கு நாற்காலிகள், ஒரு மூலையில் கறிபப்பும் பாக்கெட் மைலோவும். விற்பனை முகவர் முதலில் எண்களைக் காட்டினார். எங்கள் நிலத்தின் பரப்பு, பிளாட் ரேஷியோ (அதாவது நிலப்பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்ட அனுமதி), அதில் நாங்கள் இன்னும் பயன்படுத்தாமல் விட்டிருக்கும் பங்கு. அப்புறம் ஒரு படம். இதே நிலத்தில் நாளை வரக்கூடியது என்று, அலைபோல் வளைந்த இரண்டு கோபுரங்கள், நடுவே வானத்தில் ஒரு பாலம், மாடிக்கு மாடி மரங்கள். அறையில் சட்டென்று பேச்சு நின்றது. எங்கள் வளாகம் பழுப்பு நிறத் தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கியது மாதிரி இருக்கும். அதைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அந்தப் படம் கொஞ்சம் கூச்சத்தைக் கொடுத்தது. அண்ணன் என் பக்கம் சாய்ந்து, "இதுல நமக்கு ஒரு ரூமாச்சும் குடுப்பாங்களா?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நாங்கள் ஒரு நாளும் குடியிருக்கப்போகாத வீட்டின் படத்தைக் காட்டி எங்களிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். படம் அழகாக வேறு இருந்து தொலைக்கிறது.

எனக்கு விசித்திரமான கட்டடங்கள் பிடிக்கும். வெளியூரிலிருந்து யாராவது வந்தால் தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) அழைத்துப் போவதற்கு முன்பே ஏதாவது கட்டடத்தின் கீழே நிறுத்தி அண்ணாந்து பார்க்க வைக்கும் ஆள் நான். அதனால்தான் இந்தப் பதிவு இத்தனை மாதம் இழுத்தது.

முன்பு அங்கே யார் இருந்தார்கள்

டெப்போ ரோடு பக்கம் இன்டர்லேஸ் என்ற வளாகத்தில் ஒரு நண்பர் வாடகைக்கு இருக்கிறார். ஆறு மாடி உயரமுள்ள நீளநீளமான 31 புளோக்குகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகச் சாத்தி வைத்தது போன்ற அமைப்பு. மேலிருந்து பார்த்தால் அறுகோணங்கள். நடுவில் எட்டு முற்றங்கள். மொத்தம் 1,040 வீடுகள். ஓலே ஷீரன் என்ற ஜெர்மானியர் ஓஎம்ஏ என்ற கட்டடக்கலை நிறுவனத்தில் இருந்தபோது வடிவமைத்தது, 2013ல் முடிந்தது, 2015ல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடம் என்று விருது வாங்கியது. படத்தில் பார்த்தால் வேடிக்கைக்காகச் செய்தது போலத் தெரியும். உள்ளே நடந்தால் அப்படி இல்லை. தலைக்கு மேலே ஒரு முழு புளோக் குறுக்கே போகிறது, அதன் நிழலில் பிள்ளைகள் சைக்கிள் விடுகிறார்கள், மதியம் மூன்று மணிக்கும் காற்று வருகிறது. ஒற்றைக் கோபுரமாக அதே 1,040 வீடுகளை நட்டிருந்தால் இந்த நிழலும் காற்றும் கிடைத்திருக்காது. சந்தேகமில்லாமல் நல்ல கட்டடம்.

அந்த நிலத்தில் முன்பு இருந்தது கில்மன் ஹைட்ஸ். நடுத்தர வருமானக்காரர்களுக்காக அரசாங்கத்தின் எச்யுடிசி என்ற வீட்டுவசதி நிறுவனம் கட்டி, பின்னாளில் தனியார்மயமான வளாகம். 2007ல் 548 மில்லியன் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) கூட்டாக விற்கப்பட்டது. அங்கிருந்த வீடுகளில் ஏறத்தாழப் பாதி சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். அந்தப் பாதி ஒரு பக்கம் சாய்ந்தால் தராசு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. விற்க மறுத்த சிலர் நீதிமன்றம் வரை போனார்கள். விற்பனை நிற்கவில்லை.

ஃபேரர் ரோட்டில் ஸஹா ஹடிட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த டிலீடன் வளாகமும் அப்படித்தான். அங்கே இருந்த ஃபேரர் கோர்ட்டில் 618 வீடுகள். அதே 2007ல், 1.3 பில்லியன் வெள்ளிக்கு மேல் விலை. இப்போது பூவிதழ் போல விரிந்த தளவடிவில் 36 மாடிக் கோபுரங்கள் ஏழு, மொத்தம் 1,715 வீடுகள். அதைக் கட்டும்போது கம்பி கட்டும் வேலையில் இருந்த ஒரு புதுக்கோட்டைக்காரரை ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் பழக்கம். "நேர் சுவர்னு ஒண்ணு கெடையாதுண்ணே. காலையில ஷட்டரிங் அடிச்சா சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து லெவல் புடிச்சுப் பாத்துட்டு பிரிச்சு அடிங்கம்பாரு. வளைவு ரெண்டு விரல்கடை தப்பினாலும் மேல போகப்போக கோணிக்கும்" என்பார். பொறுமிக்கொண்டேதான் சொல்வார். ஆனால் பேருந்தில் அந்தப் பக்கம் போகும்போது பக்கத்தில் இருப்பவரிடம் கையை நீட்டிக் காட்டுவாராம், அது நாங்க போட்டது என்று. வரைந்தவர் பெயர் விக்கிப்பீடியாவில் இருக்கிறது. வளைத்தவர் பெயர் எங்கேயும் இல்லை. சரி, அது வேறு கட்டுரை.

நான் அண்ணாந்து பார்த்துப் பார்த்துப் பூரித்த இந்த இரண்டும் என்பிளாக் நிலத்தில் நிற்பவை என்பது எனக்கு நீண்டகாலமாகத் தெரியும். தெரிந்தும் அதை ஒரு தகவலாகத்தான் வைத்திருந்தேன். எங்கள் பொது அறையில் அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் அது தகவலாக இருப்பதை நிறுத்தியது. 2007ல் கில்மன் ஹைட்ஸிலும் இப்படி ஒரு மடக்கு நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருப்பார்.

முகப்பை வரையும் சுற்றறிக்கை

கட்டடக் கலைஞர் வெள்ளைத்தாளில் கனவு கண்டு கோடு போடுகிறார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இங்கே அவர் தாளைத் தொடுவதற்கு முன்பே பாதி வரைந்தாகிவிட்டது. நிலம் ஏலத்தில் போன விலை ஒரு கோடு. நகர மறுசீரமைப்பு ஆணையம் சொல்லும் பிளாட் ரேஷியோவும் உயர வரம்பும் இன்னொரு கோடு. நிலம் வாங்கிய நிறுவனம் பொதுவாக ஐந்து ஆண்டுக்குள் கட்டி எல்லா வீட்டையும் விற்று முடிக்காவிட்டால் பெருந்தொகை முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், அது மூன்றாவது. இவ்வளவுக்கும் பிறகு மிச்சம் இருக்கும் இடத்தில்தான் கலை.

ஒரு சின்ன உதாரணம். இரண்டாயிரங்களின் நடுவில் கட்டிய கொண்டோக்களில் ஜன்னல் வெளியே பிதுங்கி, உள்ளே உட்காரும் உயரத்தில் ஒரு திண்டு இருக்கும். பே விண்டோ. என் மைத்துனர் வீட்டில் மூன்று அறையிலும் இருக்கிறது. ஒன்றில் பிள்ளையின் பொம்மைகள், ஒன்றில் மடிக்காத துணி, இன்னொன்றில் வெயில் படுவதால் வற்றல் தட்டு. எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே நேரத்தில் ஏன் இந்த ஆசை வந்தது? அந்தத் திண்டையும் செடித்தொட்டியையும் மொத்தத் தளப்பரப்பில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டாமல் கட்டி, வாங்குபவரிடம் சதுர அடிக்குக் காசு வாங்கிக்கொள்ளலாம். 2009 தொடக்கத்தில் அந்தச் சலுகை போனது. பே விண்டோவும் போனது. பால்கனிக்கும் கூடுதல் பரப்பு கிடைத்துவந்தது, நகரமே பால்கனியாக நீட்டிக்கொண்டது. 2019ல் அதையும் பத்து விழுக்காட்டிலிருந்து ஏழாகக் குறைத்தார்கள். 2023 ஜூன் முதல் வரும் புதிய விண்ணப்பங்களில், வாங்குபவருக்கு விற்கும் பரப்பாக இருந்தால் ஏர்கான் வைக்கும் திட்டும் கணக்கில் சேர்கிறது, அது சுருங்குகிறது. ஒரு கட்டடத்தின் முகத்தைப் பார்த்தே எந்தச் சுற்றறிக்கைக்குப் பிறந்தது என்று சொல்லிவிடலாம்.

இதை வெறும் புகாராகச் சொல்லவில்லை. அதே விதிகள் நல்லதும் செய்திருக்கின்றன. கட்டியதால் இழந்த பசுமையை மாடிகளில் திருப்பித் தரச் சொல்லி 2009ல் ஒரு திட்டம் வந்தது. வோஹா என்ற உள்ளூர்க் கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்த பார்க்ராயல் பிக்கரிங் ஹோட்டலைப் பாருங்கள். 15,000 சதுர மீட்டர் செடிகொடி, அது நிற்கும் நிலத்தைவிட அதிகம். நில விலையைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மரினா பே சாண்ட்ஸ் என்ற ஹோட்டல், சூதாட்டக் கூட வளாகம் இருக்கிறது. அந்த நிலத்துக்கு 1.2 பில்லியன் வெள்ளி என்று விலையை முன்கூட்டியே கட்டிவிட்டு, யார் என்ன கட்டப்போகிறீர்கள் என்று போட்டி வைத்தார்கள். மோஷே சஃப்டி என்ற கட்டடக் கலைஞர் மூன்று கோபுரத்தின் தலையில் கப்பல் போன்ற ஒரு தளத்தை ஏற்றினார். எனக்கு அந்தக் கப்பல் அவ்வளவாகப் பிடிக்காது என்பது தனி விஷயம். அதிக விலை கேட்டவருக்கே நிலம் என்றிருந்தால் அது அங்கே ஏறியிருக்காது என்பது நிச்சயம்.

பேர்ல் பேங்க்

இவ்வளவும் சுற்றிச் சுற்றி வருவது ஊட்ரம் பக்கம் பேர்ல்ஸ் ஹில் மேட்டில் நின்ற அந்த ஒரு கட்டடத்துக்காகத்தான். பேர்ல் பேங்க் அபார்ட்மென்ட்ஸ். 1976ல் முடிந்தபோது சிங்கப்பூரிலேயே உயரமான குடியிருப்பு, 38 மாடி. டான் செங் சியோங் வடிவமைத்தது. ஒரு உருளையை எடுத்து முக்கால்வாசியை வைத்துக்கொண்டு கால்வாசியை வெட்டி எறிந்தது போன்ற குதிரை லாட வடிவம். வெட்டிய வாயை மேற்குப் பக்கம் பார்க்க வைத்தார், மாலை வெயில் வீடுகளில் அறையாமல் இருக்க. வெளிவட்டத்தில் கூடமும் படுக்கை அறைகளும், அத்தனைக்கும் நகரத்தைப் பார்க்கும் ஜன்னல். உள்வட்டத்தில் சமையலறைப் பக்கமும் துணி காயப்போடும் பால்கனிகளும். ஒருமுறை அங்கே குடியிருந்தவருடன் உள்ளே போயிருக்கிறேன். வெளியிலிருந்து கான்கிரீட் கோட்டை. உள்வட்டத்தில் நின்று மேலே பார்த்தால் வட்டமான வானம், சுற்றிலும் மாடி மாடியாக வேட்டியும் கைலியும் பள்ளிச் சீருடையும், எங்கிருந்தோ பூண்டு தாளிக்கும் வாசம். ஒரு வீட்டுக்குள்ளேயே அரை மாடி ஏறி அரை மாடி இறங்க வேண்டும். குழாய்கள் துருப்பிடித்து, பூச்சு உரிந்து, லிஃப்ட் முனகிக்கொண்டிருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

அந்த நிலமே அரசாங்கம் அறுபதுகளின் கடைசியில் தொடங்கிய நில விற்பனைத் திட்டத்தில் வந்தது. நிலத்தைக் கையகப்படுத்தி, துண்டுகளைச் சேர்த்து, 99 ஆண்டுக் குத்தகைக்குத் தனியாருக்கு விற்று, இங்கே உயரமாக, அடர்த்தியாக, புதிதாகக் கட்டு என்றார்கள். பீச் ரோட்டின் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ், சைனாடவுனின் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ், பேர்ல் பேங்க் எல்லாம் அந்தக் காலத்துப் பிள்ளைகள். இளம் உள்ளூர்க் கட்டடக் கலைஞர்கள், அதுவரை இங்கே யாரும் செய்து பார்க்காததைச் செய்து பார்த்தார்கள். அந்தத் துணிச்சலுக்கு நிலம் கொடுத்த அதே குத்தகைதான் கடிகாரத்தையும் ஓடவிட்டது. பேர்ல் பேங்கின் குத்தகை 1970ல் தொடங்கியது. குத்தகை குறையக் குறைய நிலத்தின் மதிப்பு எப்படித் தேயும் என்பதற்கு இங்கே 'பாலா அட்டவணை' என்று ஒன்று உண்டு. நிலத்துறையில் இருந்த ஒருவரின் பெயர் என்பார்கள். நம் ஆள் பெயர் மாதிரி இருப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். 99 ஆண்டு மிச்சமிருந்தால் நிரந்தர உரிமையின் 96 விழுக்காடு, 60 ஆண்டு என்றால் 80, 30 ஆண்டு என்றால் 60. வீட்டுக்காரர் அட்டவணையைப் பார்க்காவிட்டாலும் வங்கி பார்க்கும்.

பேர்ல் பேங்கை விற்க 2007லிருந்து பலமுறை முயன்று முடியவில்லை. அப்புறம் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். கட்டடத்தை வரைந்த டான் செங் சியோங்கே ஒரு வழி சொன்னார். கார் நிறுத்துமிடத்தின் மேல் ஒரு புதிய புளோக் கட்டுவோம், அந்த வீடுகளை விற்ற காசில் பழைய கட்டடத்தைச் செப்பனிட்டுக் குத்தகையையும் நீட்டிப்போம், கட்டடத்தை மரபுப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி நாமே விண்ணப்பிப்போம் என்று. உரிமையாளர்களில் மிகப் பெரும்பாலானோர் சரி என்றார்கள். ஆனால் அந்தத் திட்டத்துக்கு நூற்றுக்கு நூறு பேரின் ஒப்புதல் தேவைப்பட்டது. கிடைக்கவில்லை. கூட்டாக விற்பதற்கோ, 1999ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, பத்து ஆண்டைத் தாண்டிய கட்டடத்துக்கு எண்பது விழுக்காடு போதும். 2018 பிப்ரவரியில் கேப்பிட்டாலேண்ட் என்ற கட்டுமான நிறுவனம் 728 மில்லியன் வெள்ளிக்கு வாங்கியது. 2020க்குள் இடித்தாகிவிட்டது. அங்கே இப்போது ஒன் பேர்ல் பேங்க், வளைந்த இரு கோபுரங்கள், 774 வீடுகள், மாடியில் காய்கறித் தோட்டம். பழையதன் வளைவுக்கு மரியாதை செய்யும் வடிவம் என்று விளம்பரத்தில் சொன்னார்கள்.

இடிப்பதற்கு எண்பது. வைத்துக்கொள்வதற்கு நூறு. யாரும் கெட்ட எண்ணத்தில் இப்படி அமைக்கவில்லை. எண்பது என்ற வரம்பு, ஒரே ஒரு பிடிவாதக்காரர் மொத்த வளாகத்தையும் பிணையாக வைத்திருக்கக் கூடாது என்பதற்காக. நூறு என்பது, ஒருவர் விருப்பமில்லாமல் அவர் சொத்தில் இன்னொரு புளோக்கைக் கட்டி, நிரந்தரத் தடையும் விதிக்கக் கூடாது என்பதற்காக. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நியாயம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கட்டடத்தைக் காப்பாற்ற நினைத்த பெரும்பான்மை தோற்று, விற்க நினைத்த அதைவிடச் சின்னப் பெரும்பான்மை ஜெயிக்கும்படி ஆகிறது. துணிச்சலான கட்டடங்களை உலகத்துக்கு விளம்பரம் செய்யும் ஒரு நகரம், அவற்றின் ஆயுளைக் கட்டடக்கலை பற்றி யோசிக்க வேண்டிய கட்டாயமே இல்லாத ஒரு வாக்கெடுப்பிடம் விட்டிருக்கிறது. அங்கே குடியிருந்தவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. வயதான காலத்தில் கையில் இருக்கும் ஒரே சொத்து ஆண்டுக்கு ஆண்டு தேய்வதைப் பார்த்துக்கொண்டு நாட்டின் நினைவுச்சின்னத்துக்குக் காவல் இரு என்று யாரிடம் சொல்வது?

கோல்டன் மைலில் மாறியது

கோல்டன் மைலுக்கும் அதே கதி வர இருந்தது. 2018ல் எண்பது விழுக்காடு கையெழுத்து சேர்ந்தது. 800 மில்லியன் வெள்ளி கேட்டார்கள், ஆள் வரவில்லை. பிறகு 2021 அக்டோபரில் அரசாங்கம் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது. அதோடு நிற்காமல், வாங்குபவருக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தளப்பரப்பு, பக்கத்தில் இருந்த கொஞ்சம் அரசு நிலம், புதுக் குத்தகை என்று சேர்த்துக் கொடுத்தது. 2022ல் 700 மில்லியனுக்குப் போனது. படிக்கட்டு போலச் சரியும் பழைய முகப்பு நிற்கும், பக்கத்தில் புதிய கோபுரம் வரும். யோசித்துப் பார்த்தால், டான் செங் சியோங் பேர்ல் பேங்குக்குச் சொன்ன வழிக்கு இது நெருங்கிய உறவு. பழையதைப் புதியது சுமக்கட்டும் என்பதுதான் இரண்டிலும் கணக்கு. இங்கே அந்தச் சுமையைத் தூக்க அரசாங்கம் கை கொடுத்தது, அதுவும் விற்பனை நடப்பதற்கு முன்பே. வாங்கியவர் விலை சொல்லும்போதே தெரிந்துதான் சொன்னார். பேர்ல் பேங்கில் அது நடக்கவில்லை.

அண்ணனிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவருக்குக் கோல்டன் மைல் என்றால் ஹாட்யாய் பஸ்ஸும் தாய்லாந்துச் சாப்பாடும்தான். "அந்த டாம் யாம் கடைக்காரங்க எல்லாம் எங்க தம்பி?" என்றார். காலி செய்துவிட்டுச் சிதறிப் போய்விட்டார்கள். "அப்ப எதக் காப்பாத்துனாங்க?" என்றார். கான்கிரீட்டை என்று சொன்னேன். அது கொஞ்சமும் குறைவான விஷயமில்லை என்றும் சொன்னேன், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு அந்தப் பேரம் சம்மதம்தான். கட்டடம் நின்றால் இன்னொரு கூட்டம் வந்து அதைத் தனதாக்கிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. பேர்ல் பேங்கின் உள்வட்டத்தில் இனி யாரும் துணி காயப்போட முடியாது. ஆனால் எந்தக் கட்டடத்துக்கு இந்தக் கை நீளும், எதற்கு நீளாது என்பது கையெழுத்துப் படிவம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். எழுபதுகளின் இப்படிப்பட்ட துணிச்சலான கட்டடங்களில் இன்னும் நின்றுகொண்டிருப்பவை அதிகமில்லை. பட்டியல் போடுவது பெரிய வேலையில்லை.

எங்கள் தீப்பெட்டிகளை யாரும் எந்தப் பட்டியலிலும் சேர்க்கப்போவதில்லை. சேர்க்கவும் வேண்டாம். கூட்டு விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கப் பொது அறையில் சனிக்கிழமைகளில் வழக்கறிஞர் வந்து உட்கார்கிறார். முதல் கையெழுத்திலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் எண்பதைத் தொட வேண்டும். பலகையில் வாரத்துக்கு வாரம் விழுக்காட்டை எழுதுகிறார்கள், அறுபதைத் தாண்டி அங்கேயே நிற்கிறது. அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டு, மனம் மாற ஐந்து நாள் தருகிறார்களே, அதில் நான்காவது நாள் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டார். மகள் சத்தம் போட்டதால் மறுபடி போட்டிருக்கிறார். நான் இன்னும் போடவில்லை. போடுவேனா என்று மனைவி கேட்கிறாள், விலை என்ன என்று நான் கேட்கிறேன்.